புதிய கோச்சின் முதல் ரெக்ரூட்டிங் கிளாஸை எப்படி எடைபோடுவது

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில், மளிகைப் பட்டியல் எழுதும் நோட்டுக்கு அடியில், நீல அட்டை போட்ட இன்னொரு நோட்டு இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் ‘2015 பிப்ரவரி 4, புதன்’ என்று எழுதியிருக்கிறேன். மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணிக்குப் புதிதாக வந்த கோச் ஜிம் ஹார்பா, தன் முதல் ரெக்ரூட்டிங் கிளாஸை, அதாவது அந்த வருடம் புதிதாகச் சேர்க்கும் ஆட்டக்காரர்களின் பட்டியலை, அறிவித்த நாள் அது. பள்ளி முடிக்கப்போகும் 14 பையன்களின் பெயர்கள். பக்கத்தின் அடியில் பத்துக்கு நான்கு என்று நான் பேனாவால் போட்ட மதிப்பெண். அந்த மதிப்பெண் தப்பு. ஏன் தப்பு என்று புரிந்துகொள்ள எனக்கு ஐந்து வருடம் ஆனது.

நாங்கள் கேன்டனில் இருக்கிறோம். ஆன் ஆர்பர் காரில் அரை மணிக்கும் குறைவு. நான் வேலை செய்வது கார் இருக்கை சோதனை செய்யும் ஒரு ஆய்வகத்தில். சாகினாவிலிருந்து வந்த சக ஊழியர் ஒருவர்தான் எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். இப்போது என் மகனே பள்ளி அணியில் கார்ட் இடத்தில் ஆடுகிறான். டிசம்பர் வந்தால் தெரிந்த தமிழ்க் குடும்பங்களிலிருந்து கேள்வி வரும்: “அக்கா, புது கோச் எடுத்திருக்கிற பசங்க தேறுவாங்களா?” பிள்ளைகள் ஆன் ஆர்பரிலோ, ஈஸ்ட் லான்சிங்கிலோ, கொலம்பஸிலோ படிக்கிறார்கள், சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போய் வீட்டிலும் அந்தப் பைத்தியத்தைப் பரப்பிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காலண்டரும் கூட்டலும்

முதலில் காலண்டரை எடுங்கள். கோச் வேலையில் சேர்ந்த நாளுக்கும், பையன்கள் கல்லூரியில் சேரக் கையெழுத்திடும் நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். ஹார்பாவை அறிவித்தது 2014 டிசம்பர் 30. கையெழுத்து பிப்ரவரி 4. மொத்தம் 36 நாள். அதிலும் புத்தாண்டை ஒட்டிய நாட்கள் ‘டெட் பீரியட்’. மாணவர்களைக் கோச்சுகள் நேரில் சந்திக்கக் கூடாது. நல்ல ஆட்டக்காரனை ஒரு கல்லூரி பத்தாம் வகுப்பிலிருந்தே தொடர ஆரம்பிக்கும். அவன் பள்ளிக் கோச்சோடு பேசும், அம்மாவோடு பேசும், பாட்டி பெயர்கூடத் தெரிந்து வைத்திருக்கும். புதிதாக வந்தவருக்கு அந்த இரண்டு வருடம் கிடையாது.

இப்போது நிலைமை இன்னும் நெருக்கடி. 2017-இல் டிசம்பர் கையெழுத்து வந்தது. 2024 முதல் அது டிசம்பரின் முதல் புதன்கிழமைக்கே நகர்ந்துவிட்டது. வழக்கமான சீசன் முடிவதோ நவம்பர் கடைசியில். அந்த வாரம் வேலைக்கு வந்த கோச்சுக்குச் சில நாட்கள்தான் கிடைக்கும். ஆகவே அன்று வெளியாகும் பட்டியலில் பெரும்பகுதி பழைய கோச்சின் உழைப்பு. ஒருவர் நாற்று விட்டுப் போன வயலில் இன்னொருவர் நடவுக்கு இறங்குகிற மாதிரி.

அடுத்து, தரவரிசை. 247ஸ்போர்ட்ஸ், ரிவல்ஸ், ஈ.எஸ்.பி.என். போன்றவை ஒவ்வொரு பையனுக்கும் நட்சத்திரம் தருகின்றன. ஐந்து நட்சத்திரம் நாடு முழுவதும் முப்பது பேர் சொச்சத்துக்குத்தான். 247ஸ்போர்ட்ஸ் வைத்திருக்கும் கணக்கு 32. தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றில் 32 இடம் என்பதால். அதற்குக் கீழே சில நூறு பேருக்கு நான்கு நட்சத்திரம். மற்ற பெரும்பாலோர் மூன்று. கல்லூரியின் இடத்தைத் தீர்மானிப்பது இந்த மதிப்புகளின் கூட்டுத்தொகை. அதனால் 25 பேரைச் சேர்த்தவர், 14 பேரைச் சேர்த்தவரைவிடப் பெரும்பாலும் மேலே வந்துவிடுவார். ஹார்பாவின் முதல் கிளாஸ் முதல் முப்பதுக்குள்ளேயே வரவில்லை. நான் நான்கு மதிப்பெண் போட்டதற்கு அதுதான் காரணம். தலை எண்ணிக்கையால் வந்த குறைவு எவ்வளவு, தரத்தால் வந்த குறைவு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு அன்று தெரியவில்லை. எல்லாத் தளங்களிலும் ஒரு ஆளுக்கு எவ்வளவு என்ற சராசரி போட்டிருக்கும். அதைப் பாருங்கள். கூட்டுத்தொகை இரண்டாம் வருடத்திலிருந்துதான் ஏதாவது சொல்ல ஆரம்பிக்கும்.

‘ப்ளூ சிப் ரேஷியோ’ என்று ஒரு கணக்கு உண்டு. சேர்ந்தவர்களில் நான்கும் ஐந்தும் வாங்கியவர்கள் பாதிக்கு மேல் இருக்கிறார்களா என்று பார்ப்பது. அதைக்கூட நான்கு வருட கிளாஸ்களைச் சேர்த்துத்தான் போடுகிறார்கள்.

யாரைத் தக்கவைத்தார், யாரைத் தேடிப்பிடித்தார்

பெயர்களை இப்போது இரண்டு நிறத்தில் குறியுங்கள். இந்தக் கல்லூரிக்கே வருகிறேன் என்று பழைய கோச்சிடம் வாக்குக் கொடுத்து, புதியவர் வந்த பிறகும் நின்றவர்கள் ஒரு நிறம். புதியவர் வந்த பிறகு சேர்ந்தவர்கள் இன்னொரு நிறம். என் நோட்டில் பச்சையும் சிவப்பும்.

மிச்சிகனில் ஹார்பாவுக்கு முந்தைய கோச் பிரேடி ஹோக் விட்டுப்போன பச்சைப் பெயர்கள் பாதிக்கும் குறைவு. ஆனால் அதில் யார் யார் என்று பாருங்கள். டைரி கின்னல், பிற்பாடு சேஃப்டி என்ற பின்வரிசைத் தடுப்பு இடத்தில் தொடர்ந்து ஆடியவர். கிரான்ட் நியூசம், டேக்கிள், அதாவது முன்வரிசையின் ஓரத்தில் நின்று தடுப்பவர். ஜான் ரன்யன் ஜூனியர், மூன்று நட்சத்திரம். புதிய கோச் தனக்கென்று ஆட்களைத் தேடுவதற்கு முன்னால் இவர்களைக் கூப்பிட்டுப் பேசி நிறுத்திவைத்ததும் ரெக்ரூட்டிங்தான். பழையவர் எடுத்ததெல்லாம் வேண்டாம் என்று துடைத்துப் போடும் கோச் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம்.

சிவப்புப் பெயர்களில் நட்சத்திரத்தை மறந்துவிட்டு, வேறு எந்தக் கல்லூரிகள் அந்தப் பையனுக்கு இடம் தர முன்வந்தன என்று தேடுங்கள். கரன் ஹிக்டன் ஃபுளோரிடாவின் சாரசோட்டாவைச் சேர்ந்த ரன்னிங் பேக், பந்தை எடுத்துக்கொண்டு ஓடுபவர். மூன்று நட்சத்திரம். ஐயோவாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தவர், கையெழுத்து நாளன்றுதான் மிச்சிகன் பக்கம் வந்தார். அன்றைக்கு நான் அவர் பெயருக்கு எதிரே ‘அவசரத்துக்குப் பிடித்தவர்’ என்று எழுதினேன். அவர் 2018-இல் 1,178 யார்டு ஓடினார். ஐயோவா மாதிரி ஆளை நிதானமாகப் பார்த்து எடுக்கும் இடத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார் என்றால், அது அவசரத் தேர்வாக இருக்காது என்று இப்போது எனக்குத் தோன்றும்.

ஸாக் ஜென்ட்ரி இன்னொரு வகை. டெக்சஸுக்குக் கொடுத்த வாக்கை மாற்றிக்கொண்டு வந்த குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், நான்கு நட்சத்திரம். குவாட்டர்பேக்காக அவர் நிலைக்கவில்லை. நல்ல உயரம் என்பதால், தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் வேண்டிய டைட் எண்டாக மாற்றினார்கள். 2019 டிராஃப்டில் ஐந்தாவது சுற்றில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் எடுத்தது. பையனின் உடம்பையும் ஓட்டத்தையும் பார்த்து எடுக்கும் கோச்சுக்கு இப்படி இரண்டாவது வழி ஒன்று கையில் இருக்கும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், மனதில் கிடக்கிறது. கோச் மாறும்போது வெளியே தள்ளப்படும் பையன்களையும் எண்ணுங்கள். என் மகனோடு ஆடிய, அவனுக்கு இரண்டு வயது மூத்த ஒரு பையன், ஜூன் மாதமே ஒரு கல்லூரிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். மற்றவர்கள் கூப்பிட்டபோதெல்லாம் ‘நான் முடிவு செய்துவிட்டேன்’ என்று சொல்லிவிட்டான். புது கோச் வந்தார். உதவிக் கோச் ஒருவர் இரண்டே நிமிடம் போனில் பேசி, வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். அதற்குள் மற்ற இடங்கள் நிரம்பிவிட்டன. அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதது எனக்கு மறக்காது. சட்டப்படி அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஒரு கோச் இதை எத்தனை தடவை செய்கிறார் என்று நான் எழுதிவைக்கிறேன். பள்ளிக் கோச்சுகளும் எழுதிவைக்கிறார்கள். மூன்றாம் வருடம் அதே பள்ளியில் ஒரு ஐந்து நட்சத்திரம் வளர்ந்து நிற்கும்போது அந்தக் கணக்கு வெளியே வரும்.

லைனை எண்ணாமல் தீர்ப்பு எழுதாதீர்கள்

எல்லோரும் குவாட்டர்பேக் பெயரைத்தான் முதலில் தேடுவார்கள். நீங்கள் ஆஃபென்சிவ் லைனை எண்ணுங்கள். கார்ட் ஆடும் பையனின் அம்மா சொல்கிறாள் என்று நினைக்க வேண்டாம். நான் ஏமாந்தது இங்கேதான்.

பந்து வைத்திருப்பவரைக் காக்க எதிரணியைத் தடுத்து, களத்தில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் ஆடும் வரிசை அது. பதினெட்டு வயதில் வரும் பையனுக்கு எடை ஏற்ற வேண்டும், காலடி வைக்கப் பழக வேண்டும், எதிரே நிற்கும் இருபத்திரண்டு வயது ஆளைத் தாங்க வேண்டும். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். அதனால் இன்று லைனில் ஆள் குறைந்தால் இன்றைக்கு வலிக்காது. மூன்றாவது வருடம் வலிக்கும்.

மிச்சிகனையே பாருங்கள். ஹோக்கின் கடைசி கிளாஸான 2014-இல் லைனுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஹார்பாவின் முதல் கிளாஸில் நியூசம், ரன்யன், நோலன் யுலிஸியோ என்று மூன்று பேர். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து ஐந்தே பேர். 2015-இல் ஹார்பாவின் அணி 10-3, அதாவது பத்து வெற்றி, மூன்று தோல்வி. 2016-இலும் 10-3. ஊரே கொண்டாடியது, நானும்தான். 2017 டிராஃப்டில் மிச்சிகனிலிருந்து 11 பேர் போனார்கள். ஜேபரில் பெப்பர்ஸ், ஜோர்டன் லூயிஸ், ஜேக் பட், கிறிஸ் வார்ம்லி. எல்லாம் ஹோக் சேர்த்தவர்கள். அவர்கள் போன பிறகு 2017-இல் அணி 8-5. அந்த வருடம் லைனில் மூத்தவர்களாக நிற்க வேண்டியவர்கள் 2014, 2015 பையன்கள்தான். அங்கேதான் ஆள் இல்லை. புதிய கோச்சின் முதல் இரண்டு வருட வெற்றியை அவருடைய ரெக்ரூட்டிங் கணக்கில் எழுதக் கூடாது என்பதை நான் கற்றது அப்போதுதான்.

அந்த மூவரில் ரன்யன் மட்டும் ஆற அமர வளர்ந்தார். 2018, 2019 இரண்டு சீசன்களில் இடது டேக்கிள். 2020 டிராஃப்டில் ஆறாவது சுற்றில் கிரீன் பே பேக்கர்ஸ் எடுத்தது. அங்கேயும் முதல் ஐவரில் இடம் பிடித்தார். மூன்று நட்சத்திரம் வாங்கி, பழைய கோச்சுக்கு வாக்குக் கொடுத்து, யாரும் பேசாத ஒரு பெயர். கையெழுத்து நாளில் அவர் பெயருக்கு எதிரே நான் எதுவுமே எழுதவில்லை.

ஆகவே ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடது பக்கம் ஆடும் இடங்கள், மேலே முதலாம் வருடம் முதல் நான்காம் வருடம் வரை. இப்போது இருப்பவர்களை நிரப்பிவிட்டு, புதிதாக வந்தவர்களையும் சேருங்கள். லைன் வரிசையில் ஏதாவது கட்டத்தில் மூன்றுக்குக் குறைவாக இருந்தால் வட்டமிடுங்கள். கோச்சும் அந்த வட்டத்தைப் பார்த்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி. மூன்று வேகமான ரிசீவர்களைச் சேர்த்துவிட்டு லைனுக்கு ஒருவரைச் சேர்ப்பவர் கைதட்டல் வாங்குவார். நான் அவரைக் கவனமாகப் பார்க்க ஆரம்பிப்பேன்.

உதவிக் கோச்சுகள்

பையனின் வீட்டுக்கு வாராவாரம் போன் செய்வது உதவிக் கோச். தலைமைக் கோச்சை நம்பி வருவதாகப் பையன் சொன்னாலும், தினமும் அவனோடு இருக்கப்போவது அவனுடைய இடத்துக்கான கோச்.

2015 பிப்ரவரி 4 அன்று டெட்ராய்ட்டின் காஸ் டெக் பள்ளியைச் சேர்ந்த ரன்னிங் பேக் மைக் வெபர், ஒரு காலத்தில் மிச்சிகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தவர், ஒஹையோ ஸ்டேட்டில் கையெழுத்துப் போட்டார். எங்கள் ஊரில் அது பெரிய துக்கம். மறுநாளே ஒஹையோ ஸ்டேட்டின் ரன்னிங் பேக் கோச் ஸ்டான் டிரேட்டன் சிகாகோ பேர்ஸ் அணிக்குப் போகிறார் என்று செய்தி வந்தது. அதே பிப்ரவரி 4 அன்று, ஜார்ஜியாவின் மான்டசூமாவைச் சேர்ந்த ரோக்வான் ஸ்மித் தொலைக்காட்சியில் யு.சி.எல்.ஏ.வின் பெயரைச் சொல்லிவிட்டார். அங்கிருந்த டிஃபென்சிவ் கோச் ஜெஃப் உல்பிரிக் அட்லான்டா ஃபால்கன்ஸுக்குப் போகக்கூடும் என்று காதில் விழுந்ததும் கையெழுத்துத் தாளை அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார். பிறகு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2017-இல் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது, 2018 டிராஃப்டில் எட்டாவது இடம். வீட்டில் பெரியவர்கள் யாராவது ‘பொறுடா’ என்று சொல்லியிருந்தால் அவர்களுக்கு என் கும்பிடு.

ஆகவே பட்டியலோடு உதவிக் கோச்சுகளின் பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள். யார் இன்னும் நியமிக்கப்படவில்லை? உள்ளூர்ப் பள்ளிகளில் நடமாடிப் பழகியவர் ஒருவராவது இருக்கிறாரா? மிச்சிகனுக்கு வரும் கோச் டெட்ராய்ட் பள்ளிகளின் கதவைத் தட்டத் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை என்றால், எத்தனை நட்சத்திரம் சேர்த்தாலும் எனக்கு மனம் நிறையாது.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்

2015-இல் இந்தப் பகுதி தேவைப்பட்டிருக்காது. 2018 அக்டோபரில், வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் பட்டியலான போர்ட்டல் வந்தது. 2021-இல் ஒரு தடவை கல்லூரி மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டியதில்லை என்று விதி மாறியது. அதே வருடம் ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரியின் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து உச்சவரம்பு சுமார் 20.5 மில்லியன் டாலர். பழைய 85 உதவித்தொகை வரம்பு போய், அணியில் 105 பேர் வரை என்று ஆனது.

இதனால் பள்ளிப் பையன்கள் பட்டியல் மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான். குளிர்காலத்தில் போர்ட்டல் வழியாக வருபவர்களையும், அதைவிட முக்கியமாக, போகிறவர்களையும் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டு எடுத்துக்காட்டு போதும். கர்ட் சிக்னெட்டி 2023 நவம்பர் கடைசியில் இண்டியானாவுக்கு வந்தார். 3-9 ஆடிய அணி. தான் அதுவரை கோச்சாக இருந்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து 13 பேரைக் கூட்டிவந்தார். எலைஜா சாரட், டி’ஆஞ்சலோ பாண்ட்ஸ், எய்டன் ஃபிஷர், மிக்காயில் கமாரா. பள்ளி முடித்தபோது யாரும் துரத்தாதவர்கள். ஆனால் அவர்கள் எப்படி ஆடுவார்கள் என்று கோச்சுக்கு நேரடியாகத் தெரியும். அடுத்த சீசன் 11-2. டியான் சாண்டர்ஸ் கொலராடோவுக்கு 2022 டிசம்பரில் வந்தார். 1-11 அணி. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் வெளியேற, ஏறக்குறைய புது அணியே கட்டினார். ட்ராவிஸ் ஹன்டர் மாதிரி ஒருவர் கூட வந்தார். முதல் ஆட்டத்தில் டி.சி.யூ.வை 45-42 என்று வென்றார்கள். சீசன் முடிவில் 4-8. குவாட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ் 50 தடவைக்கு மேல் கீழே தள்ளப்பட்டார். லைனைப் பற்றி மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள்.

போர்ட்டல் ஆட்களிடம் நான் பார்ப்பது இரண்டு விஷயம். முந்தைய இடத்தில் நிஜமாக எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறார், இன்னும் எத்தனை வருடம் பாக்கி. ஒரே வருடம் பாக்கியுள்ளவர்களால் நிரப்பிய அணி அடுத்த குளிர்காலத்தில் மறுபடி காலியாகும்.

மதிப்பெண் எப்போது போடுவது

கையெழுத்து நாளில் பென்சிலால் போடுங்கள். இரண்டாவது கிளாஸ் வந்ததும் ஒரு தடவை அழித்துத் திருத்துங்கள். முழு வருடம் கையில் இருந்தபோது கோச் என்ன செய்கிறார் என்பது அப்போதுதான் தெரியும்.

அலபாமாவில் நிக் சேபன் 2007 ஜனவரி 3 அன்று வந்தார். ஐந்து வாரத்தில் ஒரு கிளாஸ். அந்த வருடம் 7-6. சொந்த மைதானத்தில் லூசியானா-மன்ரோவிடம் 21-14 என்று தோற்றார்கள். அடுத்த வருடம் ஜூலியோ ஜோன்ஸ், மார்க் இங்க்ரம், டான்டா ஹைடவர், மார்க் பாரன், மார்செல் டேரியஸ் என்று வந்த கிளாஸை ரிவல்ஸ் நாட்டிலேயே முதலிடத்தில் வைத்தது. 2009-இல் 14-0, தேசியப் பட்டம். எல்லோரும் 2008 கிளாஸைத்தான் பேசுவார்கள். ஆனால் அந்த ஐந்து வார கிளாஸிலிருந்து வந்த ரொலாண்டோ மெக்லைனும் கரீம் ஜாக்சனும் 2010 டிராஃப்டின் முதல் சுற்றிலேயே போனார்கள், எட்டாவதாகவும் இருபதாவதாகவும். பட்டம் வென்ற டிஃபென்ஸின் தூண்கள் அவர்கள்.

கடைசி மதிப்பெண்ணை நான்காம் வருடத்தின் முடிவில் பேனாவால் போடலாம். எத்தனை பேர் தொடர்ந்து ஆடினார்கள், எத்தனை பேர் வேறு கல்லூரி போனார்கள், எத்தனை பேர் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கினார்கள் என்று மூன்று எண்ணிக்கை. ஹார்பாவின் 14 பேரில் பாதிப் பேராவது வேறு இடம் போய்விட்டார்கள். சாகினா பையன் பிரையன் கோல் அப்படிப் போய், மிசிசிப்பி ஸ்டேட்டில் ஆடி, அங்கிருந்து 2020-இல் டிராஃப்ட் ஆனார். அதை மிச்சிகன் கணக்கில் சேர்க்கவில்லை. ஹிக்டன், ரன்யன், ஜென்ட்ரி, கின்னல் நால்வருக்காக என் நான்கை அடித்து ஆறு என்று போட்டிருக்கிறேன்.

காயம் பட்டவர்களுக்கு மதிப்பெண் போடாதீர்கள். கிரான்ட் நியூசமை முதல் நாளே ‘நான்கு வருடம் இடது டேக்கிள்’ என்று எழுதியிருந்தேன். இரண்டாம் வருடமே அந்த இடத்துக்கு வந்துவிட்டார். 2016 அக்டோபர் 1, விஸ்கான்சின் ஆட்டத்தில் முழங்கால் போனது. வாரக்கணக்கில் மருத்துவமனை, அறுவை மேல் அறுவை. மறுபடி ஆடவே இல்லை. படிப்பை முடித்தார், கல்லூரியிலேயே கோச் வேலை கற்றுக்கொண்டார். 2022-இல் டைட் எண்ட் கோச். 2024-இல் மிச்சிகனின் ஆஃபென்சிவ் லைன் கோச்.

என் நோட்டில் அவர் வரிசையில் மதிப்பெண் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் ‘லைன் கோச், 2024’ என்று பேனாவால் எழுதியிருக்கிறேன்.